மயக்க மருந்துக்கு முன் கேட்ட கேள்வி

நான் ஒரு மருத்துவரிடம் பொய் சொன்னேன். அவர் என் அண்ணனுக்கு மயக்க மருந்து கொடுக்க வந்தவர். அவர் கேட்ட கேள்வி சின்னது. என் பதிலும் ஒரே வரிதான். அந்த வரியையும் கணக்கில் வைத்துத்தான் எந்த மருந்து, எந்த வழியில் என்று அவர் முடிவு செய்தார். அண்ணன் அன்றைக்கு ஆபரேஷன் மேசையிலேயே போயிருப்பார். போகாததற்கு நான் காரணமில்லை.

விவரம் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்று, மலைமேல் செண்பகனூரில் தனியாகக் குடியிருப்பவன் நான். அழுத்தம், ஓட்டம், எதிர்ப்பு என்று கரும்பலகையில் எழுதி எழுதியே தலை நரைத்தது. ஒரு கேள்விக்குப் பொய்யான எண்ணைப் போட்டால் விடை என்னாகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அண்ணனுக்கு அதே மலையில் அட்டுவம்பட்டியில் தோட்டம். கேரட்டும் பீன்ஸும் போடுவார். அது மதினி வழியில் வந்த நிலம். நாங்கள் பிறந்து வளர்ந்தது பழனி அடிவாரத்தில்; அங்கே அப்பா வைத்திருந்த பூசைச் சாமான் கடையை இப்போது சித்தப்பா மக்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கல்யாணமான சில வருடங்களில் மதினிக்கு மஞ்சள் காமாலை முற்றி, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று கைவிட்டுவிட்டார்கள். அப்போது அண்ணன் ஒரு நேர்த்திக்கடன் போட்டார். இவள் எழுந்து நடந்தால், தன் உயிர் இருக்கும்வரை வருடம் தவறாமல் பழனி மலையைப் படியேறி வந்து கும்பிடுவதாக. மதினி எழுந்தார். அண்ணனும் தவறாமல் ஏறினார். தைப்பூசக் கூட்டம் ஓய்ந்தபிறகு மூவருமாகப் போவோம். மதினிக்கு முழங்கால் வலி, அதனால் அடிவாரத்து வீட்டில் இருந்துகொள்வார். நாங்கள் இரண்டு பேரும் மேலே போவோம்.

அறுவை சிகிச்சைக்கு இரண்டு வருடம் முன்பு, இடும்பன் கோயிலைத் தாண்டியதும் அண்ணன் படியில் உட்கார்ந்தார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லடா. கேஸு. காலையில மொச்சையைத் தின்னது தப்பு."

எழுந்து கொஞ்சம் ஏறினார். மறுபடி உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகி, காற்றடிக்கிற இடத்தில் வேர்த்து ஊற்றியது. பின்னால் வந்த ஒரு காவடிக்காரர், "பெரியவரே, வழியில உக்காராதீக, முருகனே மேல போகணும்ல" என்று சிரித்துக்கொண்டே சுற்றிப் போனார். நான் அண்ணனைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினேன். கீழே வந்ததும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மலைமேல் ரயில்போல் இழுத்துப்போகும் விஞ்ச் நிலையத்தில் போய் வரிசையில் நின்றார். "இதுல போயிருவோம்" என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்து, "அவகிட்ட சொல்லிராதே. அவ உசுருக்குப் போட்ட நேர்த்தி. அரைகுறையாப் போச்சுன்னு தெரிஞ்சா அவளுக்குச் சோறு எறங்காது" என்றார்.

சரி என்றேன். வீட்டில் மதினி சுக்குக்காப்பி போட்டு வைத்திருந்தார். "கால் வலிக்குதாங்க?" என்று கேட்டார். "லேசா" என்றார் அண்ணன். நானும் அந்தக் காப்பியைக் குடித்தேன். அடுத்த வருடம் இரண்டு பேரும் நேராக விஞ்ச் வரிசைக்கே போனோம். அந்த வருடமும் காப்பி குடித்தேன்.

பிறகுதான் அண்ணனுக்குக் குடலிறக்கம் வந்தது. மூட்டை தூக்கியதால் என்றார். ஊருக்குள் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுவை சிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து மருத்துவரும் வாரத்தில் சில நாள் மலைக்குக் கீழேயிருந்து வருவார்கள். மயக்க மருந்து மருத்துவர் பெரியகுளம் பக்கத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். முதல்நாளே வந்து அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெட்டித் தைக்கப் போகிறவர் வந்து ஒரு நிமிடம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இவரோ எழுந்திருக்கிற மாதிரியே தெரியவில்லை.

"வாயை நல்லாத் தொறங்க ஐயா. இன்னும். பல்செட் இருக்கா?"

"அம்புட்டும் எம் பல்லுதான். கடிச்சுக் காட்டவா?"

"வேணாம், நம்புறேன். தலையைப் பின்னால சாய்ங்க. குறட்டை விடுவீங்களா?"

"நான் தூங்கிருவேன், எனக்கெப்படித் தெரியும்? இவளைக் கேளுங்க."

"ஊரே கேக்கும் டாக்டரம்மா" என்றார் மதினி.

பீடி, மாத்திரை, ஒவ்வாமை, முன்னால் செய்த ஆபரேஷன், வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் தொல்லை வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு பதிலும் அவருக்கு முன்னாலிருந்த வழிகளில் ஒன்றை மூடுகிறது, ஒன்றைத் திறக்கிறது என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கச் சொன்னது தொண்டைக்குள் குழாய் போக இடமிருக்கிறதா என்று பார்க்க. குறட்டையைக் கேட்டது, நினைவு போனதும் நாக்கு சரிந்து மூச்சுப்பாதையை அடைக்குமா என்று அறிய. மறுநாள் வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னதும் அதே மாதிரிதான். நினைவு போனவனுக்கு இருமத் தெரியாது; வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் தடுக்க ஆளில்லை.

மதினி, "முழுசாத் தூங்க வச்சிருங்கம்மா. முழிச்சிருந்தா இவரு டாக்டருக்கே யோசனை சொல்லுவாரு" என்றார்.

மருத்துவர் சிரித்தார். "தூக்கம்னு நாங்களும் சொல்றோம். ஆனா அது தூக்கமில்லைங்க. தூங்குறவங்களைக் கிள்ளினா முழிச்சுக்குவாங்க. இதுல அவங்க மூச்சைக்கூட நாங்கதான் விடணும்."

இன்னும் இரண்டு வழி உண்டு என்றார். முதுகெலும்புக்குள் சன்ன ஊசியால் கொஞ்சம் மருந்து போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். ஆள் விழித்திருப்பார், மூச்சு அவருடையதாகவே இருக்கும். இல்லையென்றால் வெட்டப்போகிற இடத்துக்குப் போகும் நரம்புகளைச் சுற்றி மட்டும் மருந்து போடலாம். அண்ணனுடைய குடலிறக்கம் பெரியது, பழைய பீடி நெஞ்சு வேறு, ஆகவே முதுகு ஊசி நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழலை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"இங்க ஒரு சத்தம் இருக்கு. வயசானா சிலருக்கு இருக்கும்தான். நடந்தா நெஞ்சு அடைக்குமா ஐயா? மயக்கம் வருமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

மதினிக்குப் பெருமை பொங்கிவிட்டது. "என்னங்க நீங்க! வருசா வருசம் பழனி மலையை அடியிலருந்து படியேறிட்டு வர்றவரு. இந்தத் தையிலகூட ஏறினாரு."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூடப் போவீங்களா சார்?"

"போவேன்."

"நடுவுல எங்கயாவது உக்காருவாரா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். மதினியும் பார்த்தார். நான் சொன்னேன்: "என்னைவிட வெரசா ஏறுவார்."

மருத்துவர் நிம்மதியாகக் குழலைக் காதிலிருந்து கழற்றினார். மலையேறுகிற நெஞ்சுக்கு இடர்ப்பாடு அதிகமிருக்காது, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுக்க மதுரை வரை இழுத்தடிக்க வேண்டாம் என்றார். அவர் போனதும் அண்ணன் என் முழங்கையை அமுக்கினார். நன்றி சொல்கிறாராம். எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு நிறைவு இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் காலை நானும் மதினியும் ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தோம். உள்ளேயிருந்து நாடித் துடிப்பைச் சொல்லும் கருவியின் ஓசை வந்துகொண்டிருந்தது. ஒரே தாளம், ஒரே சுருதி. மதினி அதற்கேற்ப விரலால் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு தாளம் வேகமெடுத்து ஓடியது. பிறகு சுருதி இறங்கியது. மதினியின் விரல் நின்றுவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு நர்ஸ் உள்ளே ஓடினார். அந்தக் கதவு மூடிக்கொள்வதற்குள் நான் பார்த்தேன். அண்ணனின் கால்கள் உயர்த்தப்பட்டிருந்தன. மருத்துவர் அவர் தலைமாட்டில் நின்றார். ஒரு கை அண்ணனின் தாடையில், மறு கை ஊசிக்குழலில். கத்தவில்லை, ஓடவில்லை. அவர் கண் திரையில்கூட இல்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கருவியின் ஓசையைக் காதால் வாங்கிக்கொண்டு, மருந்தைக் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, கேட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளினார். இறங்கிப் போகிற ஓர் உயிரைச் சுருதி பார்த்து மேலே ஏற்றுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கதவு மூடியது. வெளியே நின்றபடி சுருதி ஏறுவதைக் கேட்டேன். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

கத்தி வைக்காமலே அண்ணனை வெளியே கொண்டுவந்தார்கள். மதினி கட்டிலோடு போனார். மருத்துவர் முகமூடியை இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றார்.

"பயப்படாதீங்க, இப்ப நல்லா இருக்காரு. ஆனா இது நடந்திருக்கக் கூடாது சார். மலையேறுறவருக்கு இப்படி நடக்காது."

"அவர் ஏறலை" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். படியில் உட்கார்ந்தது, வேர்த்தது, விஞ்ச், காப்பி. முடிந்ததும், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ நடந்ததை எனக்கு விளக்கினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு அண்ணனுக்குச் சுருங்கியிருக்க வேண்டும். முதுகு ஊசி வலியை மட்டும் அணைப்பதில்லை. கீழ் உடம்பின் ரத்தக்குழாய்களையும் தளர்த்திவிடும். எதிர்ப்பு குறையும், அழுத்தம் இறங்கும். நல்ல இதயம் என்றால் கூடுதலாக ரத்தத்தைத் தள்ளி ஈடுகட்டிக்கொள்ளும். வாசல் குறுகிய இதயத்தால் எவ்வளவு முக்கினாலும் கூடுதலாகத் தள்ள முடியாது. நான் வாழ்நாள் முழுக்க நடத்திய பாடம்! அதற்குள் என் அண்ணன் கிடந்திருக்கிறார்.

"அந்தச் சத்தத்துக்கு நான் எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கணும்" என்றார் அவர். "நீங்க சொன்னதை நம்பினது என் தப்பு. ஆனா சார், ஆள் உள்ள வந்து படுத்தப்புறம் நான் கேக்க முடியாது. அவரும் சொல்ல முடியாது. அதனாலதான் முன்னாடியே கேக்குறது."

பிறகு, "அவங்க வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. இனிமே எந்த டாக்டரும் அவங்களைத்தான் கேப்பாங்க" என்றார்.

அன்று சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. மதுரைக்கு ஆம்புலன்ஸில் மலையிறங்கியபோது அண்ணன் படுத்தபடி மதினிக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். "காலு ரெண்டும் வேற எவனோடதோ மாதிரி கெடந்துச்சு புள்ள. நர்ஸு ஒரு காலைத் தூக்குது, யாரு காலைத் தூக்குதுன்னு நான் பாக்குறேன். அப்புறம் மேல இருந்த லைட்டு தூரமாப் போச்சு. அந்தம்மா மட்டும் காதுக்குள்ள பேசிக்கிட்டே இருந்துச்சு. பேச்சைப் பிடிச்சுக்கிட்டே வந்துட்டேன்." மதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வத்தலக்குண்டு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் எக்கோ எடுத்தார்கள். வால்வு பாதிக்கு மேல் மூடியிருந்தது. நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முதல்நாள் அங்கிருந்த மயக்க மருந்து மருத்துவர், ஓர் இளைஞர், வந்து அதே மாதிரி உட்கார்ந்தார். அதே கேள்விகள். நெஞ்சடைப்பு எப்போதிலிருந்து என்று கேட்டார். அண்ணன், "இப்பத்தான், இந்தக் கோளாறுக்கு அப்புறம்" என்றார். மதினியும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"இல்ல" என்றேன். "ரெண்டு வருசமா இருக்கு. பழனியில பாதி வழியில உக்காந்துட்டாரு. அன்னையிலருந்து விஞ்ச்லதான் போறோம். இதை நான் மலை ஆஸ்பத்திரியில மறைச்சுட்டேன்."

"ஏலே!" என்றார் அண்ணன். எழுந்து அடித்துவிடுவார் போலிருந்தது. "நீயெல்லாம் எனக்குத் தம்பியாடா?"

மருத்துவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு வருடம் என்பதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மயக்கம் போட்டதுண்டா, படுத்தால் மூச்சுத் திணறுமா என்று தொடர்ந்து கேட்டார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இப்போது உண்மையைச் சொன்னார். தோட்டத்தில் ஒருமுறை விழுந்திருக்கிறார். எனக்கே தெரியாத செய்தி. மதினிக்கும்.

மருத்துவர் போனபிறகு மதினி எழுந்து நின்றார். அழுவார் என்று நினைத்தேன்.

"நான் கேட்டேனா படியேறச் சொல்லி? என் பேரைச் சொல்லி ரெண்டு பேரும் சேந்து இவரைக் கொல்லப் பாத்திருக்கீங்க. நீங்க படிச்சவங்களா தம்பி? காப்பி வேற குடிச்சீங்களே, என் கையால!"

அண்ணன் நேர்த்திக்கடனைப் பற்றி ஏதோ முனகினார். மதினி அவர் பக்கம் திரும்பினார். "அதை நான் சாமிகிட்டப் பேசிக்கிறேன். நீங்க டாக்டர்கிட்ட ஒழுங்காப் பேசுங்க."

மறுநாள் அந்த இளைஞர் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் அண்ணனை உள்ளே அழைத்துப்போனார். மருந்தை ஒரேயடியாகக் கொடுக்க மாட்டேன், சிறுகச் சிறுகத்தான் என்றார். நினைவு போவதற்கு முன்பே மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஒரு சின்னக் குழாய் வைத்து, ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டேதான் போவேன் என்றார். வலி தெரியாமல் இருக்க ஒன்று, நினைவு இல்லாமல் இருக்க ஒன்று, தசை அசையாமல் இருக்க ஒன்று. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. பிறகு இதயத்தை நிறுத்துவார்கள்.

நான் திரும்பக் கேட்டேன். ஆமாம், நிறுத்துவோம், வால்வை மாற்றி முடிக்கும்வரை ரத்தத்தை ஓட்டுவதும் காற்றேற்றுவதும் இயந்திரம் என்றார். சாதாரணமாகச் சொன்னார், பஸ் எங்கே நிற்கும் என்று சொல்கிற மாதிரி.

கீழே கேன்டீனில் மதினிக்கு இட்லி வாங்கிக்கொடுத்தேன். அவர் தொடவில்லை. சுற்றிலும் தட்டுச் சத்தம், ஒருவர் போனில் பஞ்சர் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் மேலே என் அண்ணனின் இதயம் துடிக்கவில்லை. அவர் மூச்சு விடவில்லை. அவருக்கு வலி இல்லை, பயம் இல்லை, நேர்த்திக்கடன் இல்லை, என்மேல் கோபமும் இல்லை. அவை அனைத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஓர் இளைஞர் தலைமாட்டில் நிற்கிறார், திருப்பிக் கொடுப்பதற்காக. அவர் கையில் இருப்பது மருந்தும் அளவும், நாங்கள் சொன்ன பதில்களும் மட்டும்தான். சாவுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தி, அந்தக் கோட்டைத் தாண்டாமல் பிடித்துவைத்து, வேலை முடிந்ததும் எழுப்பி, "ஐயா, கண்ணைத் தொறங்க" என்று கூப்பிடுகிறார்கள். அவரும் திறக்கிறார். அதே ஆளாக, அதே நினைவுகளோடு. இது தினமும் நடக்கிறது. அன்றைக்கு அந்தக் கட்டடத்திலேயே எத்தனை அறைகளில் நடந்ததோ.

அண்ணன் அதே ஆளாகத்தான் திரும்பினார். கண் விழித்து மதினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருந்தின் மயக்கம் என்று நினைத்தேன். அது கோபம்தான்.

மாதக்கணக்கில் அவர் என்னோடு பேசவில்லை. நான் டவுன் பஸ்ஸில் அட்டுவம்பட்டிக்குப் போய் வருவேன். பழம் வாங்கிப்போவேன், மாத்திரை வாங்கிப்போவேன், மறு பரிசோதனைக்கு மதுரைக்கு வண்டி பிடித்துக் கூடப் போவேன். மதினி கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். அண்ணன் என்னை வைத்துக்கொண்டே நாயோடு பேசுவார், கேரட்டோடு பேசுவார். மன்னிப்புக் கேட்டேன். கேட்டது பொய் சொன்னதற்கா, அவருக்குக் கொடுத்த வாக்கை மீறி உண்மையைச் சொன்னதற்கா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முதலாவதற்குத்தான் கேட்டிருக்க வேண்டும். அவர் கோபமெல்லாம் இரண்டாவதன்மேல்.

வால்வு நன்றாகப் பொருந்தியபிறகு, விட்டுப்போன குடலிறக்கத்துக்காக மலையிலிருந்த அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அதே பெண் மருத்துவர், அதே ஸ்டூல். இந்தமுறை என்னை வெளியே இருக்கச் சொல்வார் என்று எண்ணினேன். சொல்லவில்லை. மேடேறும்போது எப்படி என்று கேட்டார். அண்ணன் நிதானமாகச் சொன்னார். எந்த மேடு, எந்த வேகம், எங்கே நின்று மூச்சு வாங்குகிறார், கையில் மண்வெட்டி இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று. கேட்காததையும் சொன்னார். மதினி திருத்த வேண்டிய இடத்தில் திருத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவுமில்லை.

மருத்துவர் மதுரையில் கொடுத்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். இப்போது முதுகு ஊசியும் போடலாம், முழு மயக்கமும் கொடுக்கலாம், இரண்டையும் தாங்குவார் என்றார். ஆனாலும் இடுப்பு மடிப்பில் நரம்புகளை மட்டும் மரக்கவைத்து முடித்துவிடலாம், மற்ற உடம்பைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தார்.

அண்ணன் விழித்தபடியே உள்ளே போய் விழித்தபடியே வந்தார். டாக்டருக்கு யோசனை சொன்னாராம். வார்டில் படுக்கவைத்ததும் மதினி பிளாஸ்கைத் திறந்தார். நான் சுவரோரமாக நின்றிருந்தேன். வெளியே பனி இறங்கி ஜன்னல் வெளுத்துக் கிடந்தது.

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு மதினியிடம் சொன்னார்: "அவன் எம்புட்டு நேரந்தான் நிப்பான்? ஒக்காரச் சொல்லு."

நான் உட்கார்ந்தேன்.

"காப்பி குடிக்கிறானான்னு கேளு."

மதினி என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தையா என்று சொல்ல முடியவில்லை.

"குடிக்கிறேன்னு சொல்லுங்க மதினி" என்றேன்.